வீடும் ஓர் உயிர்: பாட்ரிக் கெடிஸ் வாழ்க்கை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (தாவரவியல்)

நான் ஒரு லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். எட்டு வாசல்கள், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒற்றைச் சுவர், எட்டுக் குடும்பத்துக்கும் ஒரே குழாய். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எட்டு வீட்டிலும் தும்மல் கேட்கும். என் தந்தை விசைத்தறி ஓட்டுபவர். தாய் துணி மடிக்கப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான்தான். ஆயினும் இந்த இரண்டு ஆண்டுகளில் வகுப்புத் தோழர் ஒருவரைக்கூட நான் வீட்டுக்கு அழைத்ததில்லை. காரணம் வெட்கம். படித்து, வேலை தேடிக்கொண்டு, அந்த வரிசையைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்பதே என் குறிக்கோளாக இருந்தது.

ஒருநாள் வகுப்பில் எங்கள் பேராசிரியர் கூட்டுயிர் வாழ்க்கை பற்றிப் பாடம் நடத்தினார். பச்சைப் பாசியைத் தன் உடலுக்குள் குடிவைத்துக்கொண்டு வாழும் ஒரு கடற்புழுவைப் பற்றிச் சொல்லும்போது, அதனை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பாட்ரிக் கெடிஸ் என்றும், அவர் பின்னாளில் நகரமைப்பு அறிஞராகித் தமிழ்நாட்டுக்கும் வந்தார் என்றும் கூறினார். தாவரவியல் படித்தவருக்கு நகரமைப்பில் என்ன வேலை? அந்த ஐயத்துடன் நூலகத்துக்குப் போனேன். அங்கே நான் படித்த செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. கல்வியும் வசதியும் உடைய அந்த மனிதர், இளம் மனைவியுடன், தாமே விரும்பி, பாழடைந்து கிடந்த ஓர் அடுக்குக் குடியிருப்பில் குடியேறினாராம்! நான் ஓடிவர நினைத்த இடத்தை நோக்கி ஒருவர் நடந்து சென்றிருக்கிறார். அவருடைய வாழ்க்கையை என் சக மாணவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

பாட்ரிக் கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை படையில் பணியாற்றியவர். குடும்பம் பெர்த் நகரை அடுத்த குன்றின்மேல், தோட்டத்துடன் கூடிய சிறிய வீட்டில் வாழ்ந்தது. அத்தோட்டமே சிறுவனின் முதற் பள்ளி. தந்தையே முதல் ஆசிரியர். குன்றிலிருந்து பார்த்தால் கீழே ஊர் முழுவதும் தெரியும். செடியை அருகிலிருந்து பார்ப்பது, ஊரை உயரத்திலிருந்து பார்ப்பது ஆகிய இரண்டு பழக்கங்களும் அங்கேதான் வேர் பிடித்தன.

பள்ளி முடிந்ததும் தந்தையின் விருப்பப்படி சிறிது காலம் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். கணக்குப் பேரேட்டில் மனம் ஒட்டவில்லை. 1874இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிலச் சேர்ந்து, ஒரே வாரத்தில் விலகினார்! அங்கே உலர்ந்த செடிகளுக்குப் பெயர் சூட்டுவதே பாடமாக இருந்தது. அவருக்கோ உயிருள்ள செடி வேண்டும். உடனே இலண்டன் சென்று, உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் மாணவரானார். பின்னர் இலண்டனில் ஆய்வுக்கூட உதவியாளராகப் பணியாற்றியபோது, முதியவரான சார்லஸ் டார்வினை நேரில் காணும் பேறும் பெற்றார். வாழ்நாள் முழுவதும் அவர் பட்டம் எதையும் தேர்வெழுதிப் பெறவில்லை. தேர்வை வெறுக்கும் நண்பர்கள் இதைப் படித்து மகிழ்ந்துவிட வேண்டாம்! பட்டம் பெறாதவர்தாமே ஒழிய, ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் தவம் கிடந்தவர் அவர்.

1878இல் பிரான்சு நாட்டின் ரோஸ்காஃப் கடற்கரை ஆய்வு நிலையத்தில்தான் மேற்சொன்ன பச்சைப் புழுவை ஆராய்ந்தார். வெயிலில் வைத்தால் அப்புழுவிலிருந்து ஆக்சிஜன் மிகுந்த வாயு குமிழியிட்டு வருவதைக் கண்டார். புழு பாசிக்கு இடம் தருகிறது. பாசி புழுவுக்கு உணவு தருகிறது. போட்டியினால் மட்டுமன்றி, ஒத்துழைப்பினாலும் உயிர்கள் வாழ்கின்றன என்னும் உண்மை அவர் நெஞ்சில் பதிந்தது.

இருட்டில் இருந்த நாட்கள்

1879இல் ஆய்வுப் பயணமாக மெக்சிகோ சென்றார். அங்கே அவர் பார்வை மங்கியது. மருத்துவர்கள் அவரை இருட்டறையில் கண்ணைக் கட்டி வாரக்கணக்கில் இருக்கச் செய்தனர். நுண்ணோக்கியே வாழ்வென்று இருந்த 25 வயது இளைஞருக்கு இதைவிடப் பேரிடி வேறென்ன இருக்க முடியும்? ஒருநாள் சாளரத்தைத் தடவிப் பார்த்தபோது, கண்ணாடிச் சட்டங்களின் கட்டங்கள் கைக்குத் தட்டுப்பட்டன. அக்கட்டங்களில் கருத்துகளை வைத்துச் சிந்திக்கப் பழகினார். அன்று முதல், தாளைக் கட்டங்களாக மடித்துச் சிந்திப்பது அவர் வழக்கமாயிற்று. பார்வை திரும்பியது, ஆனால் நுண்ணோக்கியில் நெடுநேரம் உழைக்கக் கண் இடம் தரவில்லை. எடின்பரோவில் தாவரவியல் துணை ஆசிரியராகச் சேர்ந்த அவர், சிறிய உயிரணுவிலிருந்து பெரிய ஊரின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

எடின்பரோவின் அடுக்கு வீடுகள்

எடின்பரோ பழைய நகரம் ஒரு மலைமுகட்டின்மேல் அமைந்தது. மேற்கு முனையில் கோட்டை. கிழக்கே சரிவில் இறங்கினால் அரண்மனை. இரண்டுக்கும் இடையே ஒரே நெடுந்தெரு. அத்தெருவின் இருபுறமும் குறுகிய சந்துகள் சரிந்து இறங்குகின்றன. வரைபடத்தைப் பார்த்தபோது, தாவரவியல் மாணவனாகிய எனக்கு அது ஓர் இலையாகவே தோன்றியது. நெடுந்தெரு நடு நரம்பு; சந்துகள் கிளை நரம்புகள்.

1513இல் நடந்த போரில் தோற்றபின் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினர். மதிலுக்கு வெளியே வாழ அச்சம். உள்ளே இடமோ குறைவு. எனவே வீடுகள் அகலமாக வளராமல் உயரமாக வளர்ந்தன. தடித்த கற்சுவர், தெருப்பக்கம் குறுகிய முகப்பு, உள்ளே சுழன்று ஏறும் ஒரே கல்படிக்கட்டு, அப்படிக்கட்டிலிருந்து ஒவ்வொரு தளத்திலும் குடித்தனங்களுக்கு வாசல். இதுவே அங்குள்ள அடுக்குக் குடியிருப்பின் அமைப்பு. பக்கத்துக் கட்டடமும் இதே சுவரை ஒட்டி நிற்கும். சரிவில் கட்டியதால் தெருவிலிருந்து ஐந்தாறு அடுக்காகத் தெரியும் வீடு, பின்புறத்திலிருந்து பார்த்தால் மேலும் சில அடுக்குகள் கொண்டு மலைபோல் நிற்கும். ஒவ்வொரு தளமும் ஒவ்வொருவருக்குச் சொந்தமாகலாம். ஆனால் படிக்கட்டும் கூரையும் ஒத்துழைப்பின்றி நிலைக்கமாட்டா.

இக்கட்டடங்களில் ஏழையும் செல்வரும் ஒரே படிக்கட்டில் ஏறினர் என்பது வியப்புக்குரியது. தரைத்தளத்தில் கடை, நடுத்தளங்களில் பிரபுக்களும் வழக்கறிஞர்களும், உச்சியில் எளியோர். 1720களில் கட்டப்பட்ட ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தைச் சுற்றிய குடியிருப்பில் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் வாழ்ந்தார். எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் அங்கே குடியிருந்தபோது, 1773இல் அகராதி அறிஞர் சாமுவேல் ஜான்சன் அவர் விருந்தினராக வந்து தங்கினார்.

1767இல் வடக்கே புது நகரம் அமைக்கத் திட்டம் ஏற்கப்பட்டதும் நிலைமை மாறியது. நேரான அகலத் தெருக்களும் தோட்டங்களும் வந்தன. வசதி உடையோர் ஒவ்வொருவராக அங்கே போயினர். அவர்கள் விட்டுச்சென்ற பெரிய அறைகளைத் தட்டி வைத்துத் தடுத்து, அறைக்கொரு குடும்பம் குடியேறியது. சாக்கடை வசதியில்லை; நீர் சுமந்து படியேற வேண்டும்; பராமரிப்பார் இல்லை. 1861 நவம்பரில் நெடுந்தெருவில் ஓர் அடுக்குக் கட்டடம் நள்ளிரவில் இடிந்து 35 பேர் மாண்டனர். அதன்பின் 1867இல் சட்டம் இயற்றிப் பல சந்துகளை இடித்துத் தள்ளி அகலத் தெருக்கள் வெட்டினர். ஆனால் வீடிழந்த ஏழைகள் எங்கே போவர்? எஞ்சியிருந்த அடுக்கு வீடுகளில் இன்னும் நெருக்கமாக அடைந்தனர்.

ஜேம்ஸ் கோர்ட்டில் குடியேற்றம்

1886இல் கெடிஸ் அன்னா மார்ட்டன் என்னும் நற்குணப் பெண்மணியை மணந்தார். அன்னா லிவர்பூல் வணிகரின் மகள், இசை கற்றவர். மணமான சிறிது காலத்திலேயே இருவரும் ஜேம்ஸ் கோர்ட்டில் குடியேறினர். ஹியூம் காலத்துப் பெருமையெல்லாம் போய், அழுக்கும் நெருக்கமுமாக அது கிடந்த காலம் அது. உறவினரும் நண்பரும் என்ன சொல்லியிருப்பர் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அங்கே அவர்கள் சொற்பொழிவு நிகழ்த்தவில்லை, துடைப்பத்தை எடுத்தனர். முதலில் தம் வீட்டைச் சுத்தம் செய்து சுவருக்கு வண்ணம் பூசினர். சாளரங்களில் பூந்தொட்டி வைத்தனர். பிறகு அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு முற்றத்தைக் கூட்டி, படிக்கட்டைக் கழுவி, சுவர்களுக்கு வெள்ளையடித்தனர். அவர்களின் மூத்த மகள் நோரா 1887இல் பிறந்தாள். குழந்தையையும் அதே சூழலில் வளர்த்தனர்.

கெடிஸின் கொள்கை எளியது. நோயுற்ற மரத்தை வேரோடு வெட்டுபவன் தோட்டக்காரன் அல்லன். பட்ட கிளையை மட்டும் நீக்கி, வெளிச்சமும் காற்றும் புக வழிசெய்தால் மரம் தானே தழைக்கும். வீடுகளுக்கும் அதுவே மருந்து என்றார் அவர். ஒரு சந்தில் மிக மோசமான ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் அகற்றி, அந்த இடத்தை முற்றமாகவோ தோட்டமாகவோ ஆக்கினார், மற்றவற்றைப் பழுதுபார்த்தார். நோரா வளர்ந்தபின் அத்தகைய வெற்றிடங்களில் குழந்தைகளுக்கான தோட்டங்களை அமைத்தார்.

1887இல் மாணவர்கள் தாமே நிர்வகித்துக்கொள்ளும் விடுதி ஒன்றைக் கெடிஸ் தொடங்கினார். பின்னர் ரிடில்ஸ் கோர்ட் என்னும் பழைய மாளிகையையும் 1890ஆம் ஆண்டு வாக்கில் மாணவர் விடுதியாக்கினார். இம்மாளிகைக்கு ஒரு கதையுண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் மக்மாரன் என்னும் வணிகர் இதில் வாழ்ந்தார். 1595இல், விடுமுறை மறுக்கப்பட்டதற்காகப் பள்ளியை உள்ளே பூட்டிக்கொண்டு கலகம் செய்த மாணவர்களை அடக்கப் போன அவரை, ஒரு மாணவன் சுட்டுக் கொன்றான். மாணவனால் உயிரிழந்தவரின் வீடு, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப்பின் மாணவர்கள் அமைதியாகப் படிக்கும் இடமாயிற்று.

கோட்டைக்கு அருகே, கவிஞர் ஆலன் ராம்சேயின் பழைய எண்கோண வீட்டைச் சுற்றி, 1890களின் தொடக்கத்தில் ராம்சே கார்டன் என்னும் அடுக்கு வரிசையை எழுப்பினார். சிவப்புக் கூரையும் வெண்சுவரும் மரமாடங்களுமாய் அது இன்றும் கண்ணைப் பறிக்கிறது. பேராசிரியர்களையும் மாணவர்களையும் பழைய நகரத்துக்குத் திரும்ப அழைத்து வருவதே அதன் நோக்கம். 1892இல் அதன் அருகிலுள்ள ஒரு கோபுர வீட்டை வாங்கி, ஊரையும் உலகையும் கற்பிக்கும் காட்சியகமாக்கினார்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? கடன்தான்! கனவு காண்பதில் வல்ல கெடிஸ் கணக்கு எழுதுவதில் வல்லவர் அல்லர். 1896இல் நண்பர்கள் ஒரு நிறுவனம் அமைத்து அவர் சொத்துகளை ஏற்றுக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. மற்றொன்றும் சொல்ல வேண்டும். ராம்சே கார்டன் ஏழைகளுக்காகக் கட்டப்பட்டதன்று. ஏழையும் கற்றவரும் மீண்டும் அடுத்தடுத்து வாழ வேண்டும் என்பது அவர் ஆசை. அது ஓரளவே நிறைவேறியது. பெரியோரின் குறையையும் சேர்த்தே சொல்வதுதான் அறிவியல் மாணவனுக்கு அழகு.

இதற்கிடையே 1888 முதல் 1919 வரை டண்டீ நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் விளங்கினார். ஆண்டில் கோடைப் பருவத்தில் மட்டும் வகுப்பு. மற்ற மாதங்கள் நகரங்களுக்கு.

தமிழ்நாட்டில் கெடிஸ்

அப்போது சென்னை ஆளுநராக இருந்த பெண்ட்லண்ட் பிரபு கெடிஸின் நண்பர். அவர் அழைப்பை ஏற்று 1914இல் கெடிஸ் மகன் அலாஸ்டருடன் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பல ஆண்டுகள் அரும்பாடுபட்டுச் சேர்த்த நகரப் படங்களும் வரைபடங்களும் கிளான் கிராண்ட் என்ற வேறொரு கப்பலில் வந்தன. அக்கப்பலை நடுக்கடலில் மூழ்கடித்தது ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்! ஆம், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசி, நம் பேச்சு வழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே எம்டன்தான். கெடிஸ் தளரவில்லை. தாய்நாட்டு நண்பர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது.

அதன்பின் தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களின் தெருக்களில் காலால் நடந்து அறிக்கை எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியின் குறுகிய சந்துகளை இடித்து நேர்த்தெருக்கள் போடத் திட்டம் இருந்தது. கெடிஸ் ஒவ்வொரு சந்தாக நடந்தார். இருக்கின்ற சந்துகளே போக்குவரத்துக்குப் போதும். இடிந்த வீடுகள் சிலவற்றை மட்டும் அகற்றி, அந்த இடங்களில் மரம் நட்டால் காற்றும் வெளிச்சமும் எல்லா வீட்டுக்கும் கிடைக்கும். செலவும் மிகக் குறையும் என்று காட்டினார். உறுப்பை வெட்டி எறியாமல் காத்து நோயை மட்டும் நீக்கும் அறுவை மருத்துவம் என அம்முறைக்குப் பெயரிட்டார். ஜேம்ஸ் கோர்ட்டில் துடைப்பத்துடன் தொடங்கிய பாடம், தஞ்சையில் நகரமைப்புக் கொள்கையாகப் பெயர் பெற்றது! கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க வேண்டும் என்றபோதும் அவர் மறுத்தார். குளத்தைத் தூய்மையாக்கி மீனும் வாத்தும் வளர்த்தால் அவையே புழுக்களைத் தின்றுவிடும் என்றார். உயிரியல் படித்தவர் அல்லவா!

பின்னர் இந்தூரில் பிளேக் நோய்க்கு எதிராக ஒரு தீபாவளி ஊர்வலத்தையே நடத்தினார். எந்தப் பகுதியார் வீடுகளை நன்றாகச் சுத்தம் செய்கிறார்களோ அந்தத் தெரு வழியாகவே ஊர்வலம் போகும் என்று அறிவிக்கச் செய்ய, ஊரே வெள்ளையடித்துக்கொண்டு நின்றதாம்.

ஆனால் 1917 அவர் வாழ்வில் கொடிய ஆண்டு. ஏப்ரலில் மகன் அலாஸ்டர் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். அப்போது அன்னா இந்தியாவில் நோய்ப்படுக்கையில் இருந்தார். மகன் இறந்த செய்தியை மனைவியிடம் சொல்லாமல் கெடிஸ் தம் நெஞ்சிலேயே பூட்டிக்கொண்டார். ஜூன் மாதம் அன்னாவும் அதை அறியாமலே கண்மூடினார். ஜேம்ஸ் கோர்ட் படிக்கட்டை உடன் கழுவிய துணை போயிற்று.

துயரிலும் அவர் பணியை நிறுத்தவில்லை. 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். 1920இல் நம் நாட்டுத் தாவர அறிஞர் ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1924இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் குடியேறி ஒரு கல்லூரி விடுதி அமைத்தார். 1932இல் சர் பட்டம் பெற்று, அவ்வாண்டே ஏப்ரல் 17ஆம் நாள் அங்கே காலமானார். எடின்பரோவின் பழைய நகரமும் புது நகரமும் 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. ரிடில்ஸ் கோர்ட் புதுப்பிக்கப்பட்டு 2017இல் அவர் பெயரால் திறக்கப்பட்டது.

நான் கற்ற பாடம்

இதைப் படித்தபின்னும் என் மனம் ஒரு கேள்வி கேட்டது. கெடிஸ் விரும்பி வந்தவர். வேண்டாம் என்றால் போய்விடலாம். என் தாய்க்குப் போக வேறு இடம் ஏது? வறுமையை வேடிக்கை பார்க்க வருவதும் வறுமையில் வாழ்வதும் ஒன்றாகுமா? ஆகாது. ஆனால் கெடிஸ் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்லர். அங்கே மனைவியோடு வாழ்ந்து, பிள்ளையை வளர்த்து, கடன்பட்டார். அதனால்தான் அவரை நம்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் லைன் வீட்டின் உரிமையாளர் வரிசை முழுவதையும் இடித்துக் கடை கட்டப் போவதாகச் சொன்னார். எட்டு வீட்டிலும் அன்று அடுப்பு எரிந்ததே தவிர, யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கெடிஸ் ஓர் ஊரைத் தொடுமுன் அதனை நடந்து அளந்து எழுதுவார் என்பது எனக்கு நினைவு வந்தது. தையற்காரர் நாடா ஒன்றை வாங்கி, எட்டு வீட்டையும் அளந்தேன். எந்தச் சுவர் விரிந்துள்ளது, எந்த ஓடு உடைந்துள்ளது, எந்தக் குடும்பம் எத்தனை ஆண்டாக வாடகை தருகிறது என்று பட்டியலிட்டேன். உண்மையில் கெட்டுப்போனவை கடைசி வீட்டுச் சுவரும் சாக்கடையும் மட்டுமே! அந்தத் தாளை உரிமையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கை நடுங்கியதை ஒப்புக்கொள்கிறேன். அவர் நெடுநேரம் பார்த்தார். சாக்கடைக்குச் சிமெண்டும் மணலும் தர ஒப்பினார். வேலையை நாங்களே செய்தோம். இடிப்பதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். ஓர் ஆண்டு எங்களுக்குச் சிறிதன்று.

சாக்கடை கட்டிய ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புத் தோழர் நால்வர் மண்வெட்டியுடன் வந்தனர். முதன்முறையாக அவர்களை எங்கள் வீட்டுக்குள் அழைத்தேன். உட்கார இடமில்லாமல் இருவர் வாசற்படியிலேயே அமர்ந்து என் தாய் தந்த தேநீரைக் குடித்தனர். குழாயடியில் ஒரு முருங்கைப் போத்தை நட்டோம். இக்கட்டுரையை எழுதும் இந்நாளில் அது நான்கு இடங்களில் துளிர்விட்டிருக்கிறது.